நியூசிலாந்து முழுசாக மூழ்கியதா? சருகுக்குள்ளிருந்து ஒரு சாட்சி

நியூசிலாந்தின் தென்தீவில், மேற்குக் கரையோரம், கராமியா என்ற சிற்றூருக்கு வடக்கே ஓபாராரா ஆறு ஓடுகிறது. கறுத்த தேநீர் நிறத்துத் தண்ணீர். அந்த ஆறு சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து பெரிய பெரிய வளைவுகளை உண்டாக்கியிருக்கிறது. வளைவுகளின் மேலே அடர்ந்த மழைக்காடு. பார்க்கப் போகிறவர்கள் வளைவின் உயரத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நிலவியல்காரர் பார்ப்பது வேறு. இந்தப் பாறை உருவானது கடலடியில். சிப்பி, பவளப்பாசி போன்றவற்றின் ஓட்டுத் துகள்கள் படிந்து படிந்து, இறுகிக் கல்லானது. வயது சுமார் மூன்றரைக் கோடி ஆண்டு. அதாவது இன்று காடாக நிற்கும் இந்த இடம் அன்று கடலுக்கு அடியில் கிடந்தது.

அதே ஓபாராராவின் பெயரை ஒரு சின்ன உயிரியும் சுமக்கிறது: சின்தெட்டோனிக்கியா ஓபாராரா. எட்டுக் கால், இரண்டு மில்லிமீட்டர் சுற்றி உடம்பு. சருகுக்கும் பாசிக்கும் அடியில் வாழ்வது. இறக்கை கிடையாது, நீந்தத் தெரியாது. சிலந்திக் குஞ்சுகளைப் போல நூல் விட்டுக் காற்றில் மிதந்து போகவும் வராது. ஏனென்றால் இதற்கு நூலே கிடையாது. இதன் குடும்பத்தில் மொத்தம் 14 இனங்கள்தான். 14-ம் நியூசிலாந்தில்தான். உலகில் வேறெங்கும் இந்தக் குடும்பத்தின் ஒரு கால்கூடக் கிடைத்ததில்லை.

பாறை சொல்கிறது, இங்கே கடல் இருந்தது என்று. அப்படியானால் கடல் இருந்தபோது இந்தக் குடும்பம் எங்கே இருந்தது? இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

முதலில் உயிரி யார் என்று சொல்லிவிடுகிறேன். சின்தெட்டோனிக்கியா ஒரு ஒபிலியோன். ஒபிலியோன்கள் என்பது ஒரு பெரிய கூட்டம். இதுவரை பெயரிடப்பட்டவை 6,500-க்கு மேல். ஆங்கிலத்தில் இவற்றை ஹார்வெஸ்ட்மேன் என்பார்கள், அறுவடைக் காலத்தில் வயல்களில் அதிகம் தென்படும் என்பதால். அதை அப்படியே அறுவடைக்காரன் என்று தமிழில் எழுதினால் நம்மூரில் வேறு ஆளைத் தேடுவார்கள். அதனால் ஒபிலியோன் என்றே வைத்துக்கொள்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரப் பாறை இடுக்குகளில், மயிரிழை போன்ற நீளக் கால்களோடு கூட்டமாக ஒட்டிக்கொண்டு, ஆள் கிட்டப் போனால் மொத்தமாக அதிரும் ஒரு கும்பலைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒபிலியோன்கள்தான். பலரும் சிலந்தி என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். சிலந்திக்கு உடம்பு இரண்டு துண்டு, நடுவில் மெல்லிய இடுப்பு. ஒபிலியோனுக்கு இடுப்பே இல்லை, எல்லாம் ஒரே உருண்டை. விஷமும் இல்லை. சிலந்தி இரையைக் கரைத்துத்தான் உறிஞ்சும். இது துணுக்கு துணுக்காகக் கடித்தே விழுங்கும். தற்காப்புக்கு உடம்பின் பக்கவாட்டில் இரண்டு நாற்றச் சுரப்பிகள்.

வம்சம் மிகப் பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்துப் பாறையில் கிடைத்த ஒபிலியோன் புதைபடிவத்துக்கு வயது சுமார் 41 கோடி ஆண்டு. மூச்சுக்குழாய்கள்கூடத் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பத்திரமாக இருந்தது. டைனோசர்கள் தோன்றுவதற்குப் பதினேழு கோடி ஆண்டுக்கும் முந்தைய சங்கதி. இன்றைய ஒபிலியோனோடு அதை அருகில் வைத்துப் பார்த்தால் அதிக வித்தியாசம் தெரியாது.

ஃபோர்ஸ்டரின் 14

சின்தெட்டோனிக்கியா குடும்பத்தை உலகுக்குச் சொன்னவர் ரேமண்ட் ஃபோர்ஸ்டர் (1922–2000). நியூசிலாந்தின் சிலந்தியியலை ஏறக்குறைய ஒற்றை ஆளாகக் கட்டி எழுப்பியவர். பின்னாளில் டனீடன் நகரின் ஒட்டாகோ அருங்காட்சியகத்துக்கு முப்பது ஆண்டு இயக்குநராக இருந்தார். 1954-இல் கேன்டர்பரி அருங்காட்சியக வெளியீடாக, தன் நாட்டின் கவசமுடைய ஒபிலியோன்களைப் பற்றி ஒரு பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். இந்தக் குடும்பம், இந்தப் பேரினம், 14 இனங்கள் எல்லாமே அந்த ஒரே தொகுப்பில் வந்தவை. இனங்களின் பெயர்களைப் படித்தாலே நாட்டின் வரைபடம் விரியும்: ஃபியார்டுலாந்தின் பெயரில் ஒன்று, வடதீவின் வைரராப்பாவின் பெயரில் ஒன்று, பனியாற்றை நினைவூட்டும் கிளேசியாலிஸ், நம் ஓபாராரா.

அவர் வேலை செய்த முறையில் பெரிய கருவி எதுவும் கிடையாது. காட்டில் சருகை அள்ளிச் சல்லடையில் சலிப்பது, சலித்ததை ஒரு புனலில் போட்டு மேலிருந்து விளக்கால் சூடுகாட்டுவது. காய்ந்துபோகும் சருகிலிருந்து தப்பிக்க உயிரிகள் கீழே கீழே இறங்கி, கடைசியில் அடியில் வைத்த சாராயக் குப்பியில் விழும். இன்றும் முறை ஏறக்குறைய இதேதான். இரண்டு மில்லிமீட்டர் உயிரி என்பதால் குப்பிக்குள் தூசியா உயிரியா என்று உருப்பெருக்கிக்குக் கீழே உட்கார்ந்து பொறுக்கவேண்டும். கண்ணும் முதுகும் போகும் வேலை.

குடும்பத்துக்குப் பெயர் வந்தது நகத்தால். கிரேக்கத்தில் சிந்தெட்டோஸ் என்றால் பல சேர்ந்து அமைந்தது, ஓனிக்ஸ் என்றால் நகம். கடைசி இணைக் கால்களின் நுனியில் ஒற்றை நகம். அதன் பக்கவாட்டில் சீப்புப் பல் போலக் கிளைகள். இந்த மாதிரி நகம் உலகில் இன்னொரு கூட்டத்துக்கும் உண்டு. ஐரோப்பாவின் குகைகளிலும் ஜப்பானிலும் வாழும் ட்ராவூனியா வகையறா. நகத்தை மட்டும் நம்பினால் நியூசிலாந்து உயிரிக்குச் சொந்தம் பூமியின் அந்தக் கோடியில் இருப்பதாக ஆகிவிடும். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு படம் மாறியது. சின்தெட்டோனிக்கியாவின் இடம் தெற்கு அரைக்கோளத்தின் ட்ரையனோனிக்கிட் என்ற ஒபிலியோன் கூட்டத்தின் பக்கம். நகம் இரண்டு இடத்தில் தனித்தனியாக அமைந்த ஒற்றுமை. தெற்கத்திச் சொந்தம் என்பது இங்கே முக்கியம். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர், சிலி, நியூசிலாந்து எல்லாம் ஒரே கண்டமாக ஒட்டியிருந்த காலத்துக் கதைக்குள் இது வந்துவிடுகிறது.

கடல் தரப்பு

அந்த ஒட்டுக் கண்டம் கோண்டுவானா. சுமார் எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து பசிபிக் பக்கம் நகர்ந்தது. இன்று அதற்கு ஸீலாண்டியா என்று பெயர். பரப்பு சுமார் 49 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைவிட ஒன்றரை மடங்கு. ஆனால் 94 சதவீதம் கடலுக்குள் கிடக்கிறது. நீட்டி இழுத்த சப்பாத்தி மாவு மெலிவதுபோல, பிய்ந்தபோது அதன் அடிப்பாறை மெலிந்துவிட்டது. மெலிந்த நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. ஒலிகோசீன் காலத்தின் இறுதியில், அதாவது இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்திய சமயத்தில், தாழ்வு உச்சத்தை எட்டியது. ஓபாராரா வளைவுகள், வைட்டோமோ குகைகள், புனகைக்கியின் அடுக்குத் தோசைப் பாறைகள், ஓமாரு நகரத்துக் கட்டடக் கல் எல்லாம் ஏறத்தாழ அந்த நீளமான மூழ்கலின் மிச்சங்கள். வடக்கிலும் தெற்கிலும், கிழக்கிலும் மேற்கிலும் அதே காலத்துச் சுண்ணாம்பு கிடக்கிறது. அதன்பின் இரண்டு நிலத்தட்டுகள் மோத ஆரம்பித்து, நாடு மறுபடியும் மேலே தள்ளப்பட்டது.

பெரும்பகுதி மூழ்கியது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை, கடைசித் துண்டும் மூழ்கியதா என்பதில்தான்.

பல காலம் பாடப்புத்தகம் சொன்னது வேறு கதை. நியூசிலாந்து ஒரு பேழை, கோண்டுவானாவிலிருந்து ஏறிய பயணிகளோடு எட்டுக் கோடி ஆண்டு மிதந்து வந்தது என்று. மோவாவின் பேழை என்று அதற்குச் செல்லப் பெயர்கூட உண்டு; மோவா என்பது அங்கே வாழ்ந்து அற்றுப்போன பெரிய பறவை. 1995-இல் கூப்பர் என்ற பெயருடைய இருவர், மூழ்கலின் உச்சத்தில் மிஞ்சிய நிலம் இன்றைய பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு என்றும், மோவா, கிவி போன்ற பறவைகளின் மரபணுவில் அந்த நெருக்கடியின் தடம் தெரிகிறது என்றும் எழுதினார்கள். பேழை ஆட்டம் கண்டது. 2008-இல் லாண்டிஸ், கேம்பெல் முதலான நிலவியலாளர்கள் ஒருபடி மேலே போனார்கள். தென்தீவின் ஒட்டாகோ வட்டாரத்தில் மலைகளின் உச்சி மேசைபோல் தட்டையாக இருக்கும். அதை உண்டாக்கியது அலை. கடல் நிலத்தின் மேல் ஏறி ஏறிச் சீவியதன் அடையாளம். அந்தக் காலத்தில் எங்காவது நிலம் எஞ்சியிருந்தது என்பதற்கு உறுதியான சான்று ஒன்றுகூட இல்லை என்றார்கள். அப்படியானால் இன்றுள்ள காட்டுயிர் எல்லாம் கடந்த 2.2 கோடி ஆண்டுக்குள் கடல் தாண்டி வந்தவையாக இருக்கவேண்டும்.

கேட்கும்போது அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் அப்போது காற்று அந்தப் பக்கம்தான் வீசியது. பேழைப் பயணிகள் என்று நம்பப்பட்ட பலரும் பின்னால் வந்தவர்கள் என்று ஒவ்வொன்றாக அம்பலமாகிக்கொண்டிருந்தார்கள். கோண்டுவானாவின் அடையாள மரமான தெற்கத்தி பீச் மரத்தில்கூட, சில கிளைகள் கண்டம் பிரிந்ததற்கு வெகுகாலம் கழித்துக் கடல் தாண்டியவை என்று 2005-இல் மரபணுக் கணக்குகள் காட்டின. கிவிக்கு மிக நெருங்கிய சொந்தம் பக்கத்து ஆஸ்திரேலியாவின் ஈமு அல்ல, மடகாஸ்கரின் அழிந்துபோன யானைப்பறவை என்று 2014-இல் தெரிந்தது. பறந்து வந்து, இறங்கி, அப்புறம்தான் பறப்பதை விட்டிருக்கிறது.

அந்த ஆண்டுகளின் கட்டுரைத் தலைப்புகளே ஒரு வீட்டு வாசல் உரையாடல் மாதிரி இருக்கும். 2006-இல் ஒன்று, கோண்டுவானாவே போய் வா என்றது. 2007-இல் இன்னொன்று, வணக்கம் நியூசிலாந்து என்றது. 2009-இல் ஒபிலியோன் ஆய்வாளர்கள் சாரா பாயரும் கொன்சாலோ ஜிரிபெத்தும் பதில் எழுதினார்கள்: மீண்டும் வருக நியூசிலாந்து.

ஒரு குடும்பம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். ஏனென்றால் இந்த விவகாரத்தில் ஆர்வலர்கள் வழுக்கி விழும் இடம் இது. நானும் முதலில் விழுந்தேன். "சின்தெட்டோனிக்கியா நியூசிலாந்தில் மட்டும் இருக்கிறது, அதன் வம்சம் பழையது, எனவே நியூசிலாந்து மூழ்கவில்லை" என்று சொல்லத் தோன்றும். அது தவறு.

ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி உடைந்து ஊரே அழிந்ததாக ஒரு பேச்சு இருக்கிறது. முழுசாக அழிந்ததா, மேட்டுத் தெரு தப்பியதா என்பது வழக்கு. இன்று அந்த ஊரில் ஒரு வகையறா இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் அவர்களுக்குப் பங்காளிகள் யாரும் இல்லை. குலம் மட்டும் மிகப் பழையது என்று தெரியும். இதை வைத்து, ஏரி உடைவதற்கு முன்பே அவர்கள் இங்கே இருந்தார்கள் என்று சொல்லமுடியுமா? முடியாது. உடைப்புக்குப் பிறகு வேறு ஊரிலிருந்து வந்திருக்கலாம். அந்தப் பூர்விக ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் பின்னால் அற்றுப்போயிருக்கலாம். குலத்தின் வயது வேறு, இந்த ஊரில் குடியிருக்கும் வயது வேறு.

ஆனால் இதே வகையறா இந்த ஊருக்குள்ளேயே வடக்குத் தெரு, தெற்குத் தெரு, மேட்டுத் தெரு என்று பங்கு பிரிந்திருந்து, அந்தப் பிரிவினை ஏரி உடைவதற்கு முன்பே நடந்தது என்று பத்திரம் இருந்தால்? அப்போது பேச்சு வேறு. ஒவ்வொரு கிளையும் தனித்தனியாக வெளியூரிலிருந்து வந்து, தற்செயலாக இங்கே மட்டும் சேர்ந்து குடியேறியது என்று வாதாடவேண்டியிருக்கும். ஒரு கிளைக்கு அப்படிச் சொல்லலாம். எல்லாக் கிளைக்கும் சொன்னால் எந்தப் பஞ்சாயத்தும் சிரிக்கும்.

ஆக, தேடவேண்டியது குடும்பத்தின் வயதை அல்ல. நியூசிலாந்துக்குள் நடந்த பங்குப் பிரிவினையின் வயதை. அந்தப் பத்திரம் இந்தக் குடும்பத்தைவிட இன்னொரு ஒபிலியோன் குடும்பத்திடம் தெளிவாக இருக்கிறது.

பெட்டாலிடே

சைஃபோஃப்தால்மி என்று ஒரு கிளை. ஒபிலியோன்களிலேயே தனி ரகம். நீளக் கால் எதுவும் கிடையாது; பார்க்க உண்ணிபோல இருக்கும். சில மில்லிமீட்டர்தான். உடம்பின் இரண்டு பக்கமும் கூம்பு மாதிரி இரண்டு மேடு, அதன் உச்சியில் நாற்றச் சுரப்பியின் வாய். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு மண் துணுக்காகிவிடும். சருகை விட்டு வெளியே தலைகாட்டாது. வெயிலில் ஒரு நடைபாதையைக் கடப்பதே இதற்கு ஆபத்து.

இதன் முக்கியமான குணம் இதுதான்: கண்டத்திலும், கண்டத்திலிருந்து பிய்ந்த தீவிலும் இருக்கும். நடுக்கடலில் எரிமலை கக்கி உண்டான தீவுகளில் இராது. ஹவாயில் இல்லை. பல்லி, நத்தை, எறும்பு எல்லாம் மரக்கட்டை ஏறியாவது போய்ச் சேரும் இடங்களுக்கு இது போய்ச் சேரவில்லை. வழக்கு நடத்த இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

இந்தக் கிளையில் பெட்டாலிடே என்ற குடும்பம் கோண்டுவானாவின் தெற்குத் துண்டுகளில் மட்டும் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியாவின் இரண்டு ஓரங்கள், சிலி, நியூசிலாந்து, அப்புறம் இலங்கை. குடும்பத்துக்குப் பெயர் வந்ததே இலங்கையிலிருந்துதான். 1875-இல் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலப் பாதிரியார் சிலோனிலிருந்து வந்த ஒரு மாதிரியை விவரித்தார். அடுத்த ஆண்டே அதற்குப் பெட்டாலஸ் என்று பேரினம் அமைந்தது. நூறு ஆண்டு கழித்து, 1980-இல், அதன் பெயரில் குடும்பம் வந்தது. இலங்கையின் ஈரமலைக் காட்டுச் சருகில் வாழும் பெட்டாலஸுக்கும், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நியூசிலாந்துச் சருகில் வாழும் உயிரிக்கும் ஒரே குடும்பப் பெயர். நடுவில் இருக்கும் இந்தியாவிலோ கதை வேறு: வடகிழக்கு மாநிலங்களிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட மேகாலயா என்ற பேரினம் தென்கிழக்கு ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது, கோண்டுவானாக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. கோண்டுவானாவிலிருந்து வந்த பெரிய படகு இந்தியாதான். பயணி மிஞ்சியிருப்பது அதன் பின்னால் கட்டியிழுத்த தோணியான இலங்கையில்.

நியூசிலாந்தில் பெட்டாலிடே குடும்பத்துக்கு மூன்று பேரினங்கள்: அயோராக்கி, ரகாயா, நியோபர்செல்லியா. அயோராக்கி என்பது நாட்டின் மிக உயர்ந்த மலைக்கு மாவோரி மக்கள் வைத்த பெயர். ரகாயா ஒரு ஆறு. பெரும்பாலான இனங்களை முதலில் விவரித்தவர் இங்கேயும் ஃபோர்ஸ்டர்தான், 1948-இலும் 1952-இலும். முதல் தொகுப்பு வந்தபோது அவருக்கு வயது 26. பாயரும் ஜிரிபெத்தும் அவர் போன காடுகளுக்கே திரும்பப் போய்ச் சருகு சலித்து, டிஎன்ஏ எடுத்து, வம்சமரம் வரைந்தார்கள்.

மரத்தில் மூன்று செய்திகள் தெரிந்தன. ஒன்று, மூன்று பேரினங்களும் சேர்ந்து ஒரே கொத்தாக நிற்கவில்லை. ஒரு மூதாதை வந்து இறங்கி மூன்றாகப் பிரிந்த கதை அல்ல இது. கடல் தாண்டி வந்தன என்று சொன்னால் ஒருமுறை தாண்டியதாகச் சொன்னால் போதாது, மூன்று முறை தாண்டியதாகச் சொல்லவேண்டும். அதுவும் நடைபாதையைத் தாண்டப் பயப்படும் உயிரி. இரண்டு, ஒவ்வொரு பேரினத்துக்குள்ளும் கிளைகள் மிக ஆழமாகப் பிரிந்திருந்தன. அவர்கள் கணக்கில் அந்தப் பிரிவினைகள் தொடங்கியது ஒலிகோசீன் மூழ்கலுக்கு முன்பே. மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. அயோராக்கி டென்டிகுலாட்டா என்று ஒரே இனமாக எண்ணப்பட்ட உயிரியை, தென்தீவின் வடபகுதியில் பல இடங்களிலிருந்து எடுத்து ஒப்பிட்டார்கள். உருவத்தில் வேறுபாடு தெரியவில்லை. டிஎன்ஏவிலோ ஒவ்வொரு காட்டுக் கூட்டமும் தனி உலகம். மற்ற உயிரிகளில் இவ்வளவு வேறுபாட்டைப் பார்த்தால் தனித்தனி இனம் என்றே எழுதியிருப்பார்கள். அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் தன் இனத்தோடுகூடப் போக்குவரத்து வைத்துக்கொள்ளாத உயிரி, ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவிலுள்ள டாஸ்மன் கடலைத் தாண்டியது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

குறுக்கு விசாரணை

சரி, எதிர்த்தரப்பை விட்டுவிடக்கூடாது. அவர்களிடம் வலுவான கேள்வி ஒன்று இருக்கிறது.

மரபணுக் கடிகாரம் தானாக நேரம் சொல்லாது. யாராவது முள்ளைத் திருப்பி வைக்கவேண்டும். புதைபடிவம் இருந்தால் அதை வைத்துத் திருப்பலாம். பெட்டாலிடே குடும்பத்துக்குப் புதைபடிவமே கிடையாது. சருகில் வாழும் இரண்டு மில்லிமீட்டர் உயிரி கல்லாவது அவ்வளவு சுலபமா? அப்போது சிலர் செய்தது, எட்டுக் கோடி ஆண்டுக்கு முன் நியூசிலாந்து பிரிந்தது, ஆகவே இந்தக் கிளையும் அப்போதுதான் பிரிந்தது என்று முள்ளை வைத்து, மீதியைக் கணக்கிடுவது. அப்படிக் கணக்கிட்டுவிட்டு, பாருங்கள், மூழ்கலுக்கு முன்பே இருந்திருக்கிறது என்றால், அது விடையைக் கேள்விக்குள் வைத்துத் தைத்த மாதிரி. இந்த வட்டத்தைத்தான் 2006-இன் கட்டுரை குத்திக் காட்டியது. அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. உயிர்ப்புவியியலில் நிறையப் பேர் இந்த வட்டத்தில் சுற்றியிருக்கிறார்கள்.

ஒபிலியோன் ஆய்வாளர்கள் முள்ளை வைக்க ரைனி போன்ற மிகப் பழைய புதைபடிவங்களைத் துணைக்கு எடுத்தார்கள். அதில் வட்டம் இல்லை. ஆனால் 41 கோடி ஆண்டில் ஒரு முளை அடித்துவிட்டு இரண்டரைக் கோடி ஆண்டை அளப்பது, சென்னையில் நின்றுகொண்டு கன்னியாகுமரியில் ஒரு வீட்டு வாசலின் அகலத்தை அளப்பதுபோல. பிழை வரத்தான் செய்யும். என் கணிப்பில், பிழையைத் தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் வழக்கு சாயவில்லை. மூன்று பேரினங்களின் உள்கிளைகள் எல்லாம் மூழ்கலுக்குப் பிறகு பிரிந்தவையாக இருக்கவேண்டுமென்றால், இந்த உயிரிகளின் மரபணு மற்ற ஒபிலியோன்களைவிடப் பல மடங்கு வேகமாக மாறியிருக்கவேண்டும், அதுவும் நியூசிலாந்தில் கால்வைத்த பிறகு மட்டும். 2020-இல் பேக்கர், பாயர், ஜிரிபெத் மூவரும், ஒருசில மரபணுக்களுக்குப் பதிலாக உயிரணுவில் இயங்கும் மரபணுக்களை மொத்தமாக வாசித்து மரத்தை மறுபடி வரைந்தார்கள். கோண்டுவானா உடைந்த தடம் அதிலும் தெரிந்தது.

வேறு தரப்பிலிருந்தும் சாட்சிகள் வந்தன. ஒட்டாகோவில் செயின்ட் பாதன்ஸ் என்ற இடத்தில் ஒரு பழைய ஏரியின் படிவுகள் உண்டு, 1.9 கோடியிலிருந்து 1.6 கோடி ஆண்டு வரை பழையவை. மூழ்கல் முடிந்து சில லட்சம் தலைமுறை ஆனதும் உண்டான ஏரி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே டுவாட்டாராவின் முன்னோருடைய தாடை எலும்பு கிடைத்ததை 2009-இல் அறிவித்தார்கள். டுவாட்டாரா பல்லிபோல் தெரியும், பல்லியல்ல. அந்த வம்சத்தில் இன்று உலகில் எஞ்சியது இது ஒன்றுதான். அதே படிவில் ஒரு சுண்டெலி அளவு பாலூட்டியின் எலும்பும் இருந்தது, பறக்காத ரகம். நியூசிலாந்துக்கு வௌவாலைத் தவிர நிலப் பாலூட்டியே சொந்தமில்லை என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பேரதிர்ச்சி. நிலம் தலைதூக்கிய கொஞ்ச காலத்துக்குள் இவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நீந்தி வந்துசேர்ந்தன என்பது நம்பச் சிரமமானது. சாத்தியமே இல்லை என்று சொல்லமாட்டேன்.

எவ்வளவு நிலம் வேண்டும்?

இரு தரப்பையும் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது, இவர்கள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று.

நிலவியலாளர், நிலம் இருந்ததற்குச் சான்று இல்லை என்றால், அவர் தேடுவது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடற்கரை மணல், சதுப்புநிலக் கரி போன்றவை. இவை உண்டாக ஓரளவு பெரிய நிலம் வேண்டும். ஆறு ஓடவேண்டும். சிறு சிறு தீவுகளாக, தாழ்ந்த குன்றுகளாக நிலம் சிதறிக் கிடந்தால், அவற்றைச் சுற்றிப் படியும் வண்டல் சொற்பம். பின்னால் மலை எழும்பியபோது அதுவும் அரித்துப் போயிருக்கும். அவர் தேடும் வகைச் சான்றை அப்படிப்பட்ட நிலம் விட்டுவைக்காது.

மோவா விஷயத்தில் நெருக்கடி உண்மைதான் என்று மரபணு சொல்கிறது. ஆளுயரத்தைத் தாண்டிய பறவைக்கு மேய ஏக்கர் ஏக்கராக நிலம் வேண்டும். நிலம் சுருங்கினால் முதலில் குறைவது பெரிய உடம்புதான். அன்றைய கிளைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் தப்பி, பிற்காலத்தில் மலைகள் எழுந்த பிறகு அவற்றிலிருந்து புதிதாகப் பல்கியிருக்கின்றன. அதனால் மோவாவின் வம்சமரத்தை வாசிப்பவருக்குப் பெரிய பேரழிவு தெரிகிறது.

பெட்டாலிடேவுக்கும் சின்தெட்டோனிக்கியாவுக்கும் தேவை ஒரு ஈரமான சரிவு. மரம் நின்று, சருகு விழுந்து, அடியில் ஈரம் காயாமல் இருந்தால் போதும். ஓரிடத்தில் ஆயிரக்கணக்கில் வாழும். அடுத்த சரிவுக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை, போகவும் போகாது. சிதறிக் கிடந்த தீவுகள் மோவாவுக்குச் சிறை, இவற்றுக்கோ ஒவ்வொன்றும் ஒரு நாடு. அதனால்தான் ஒரே வெள்ளத்தைப் பற்றி இரண்டு வம்சமரங்கள் இரண்டு விதமாகப் பேசுகின்றன; இரண்டுமே பொய் சொல்லவில்லை. முழு மூழ்கல் என்ற கட்சி தோற்கிறது என்பதே என் முடிவு. ஆனால் தப்பிய நிலம் பேழை என்று சொல்லும் அளவுக்குப் பெரியதல்ல. உடைந்த கப்பலின் பலகைகள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஓபாராராவில் தேன்கூட்டுக் குன்று என்ற பெயரில் ஒரு குகைத் தொகுதி இருக்கிறது. ஒலிகோசீன் சுண்ணாம்புக்குள் தண்ணீர் குடைந்த குகைகள். மேலே காட்டில் நடந்துபோன மோவாக்கள் பொந்து வழியாக உள்ளே விழுந்து செத்திருக்கின்றன. எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. மோவா இனங்கள் எல்லாம், மனிதர் நியூசிலாந்தில் கால்வைத்த சில நூற்றாண்டுக்குள் அற்றுப்போனவை. குகையின் கூரைமேல், பீச் மர வேர்களுக்கு நடுவே ஒரு கைப்பிடிச் சருகை அள்ளி வெள்ளைத் துணியில் உதறினால், முதலில் எல்லாம் குப்பையாகத்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்திருந்தால் குப்பையில் ஒரு துணுக்கு, மடக்கிய காலை நீட்டி நகர ஆரம்பிக்கும்.